சிப்பருக்கு நான் வைத்த பொட்டு

எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலையும் சரியாக இருக்கும் என்று இருபத்தாறு வயது வரை நம்பியவன் நான். (இதை எழுத உட்காருவதற்குள் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டேன். ஆக, பெரிதாகத் திருந்தவில்லை.)

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் போராட்டக்காரர்கள் வெட்டிப் போட்ட மரம் சாலையின் குறுக்கே கிடக்கும். அவற்றை அகற்றும் வேலை எங்கள் காண்ட்ராக்டருக்குக் கிடைத்தது. அவர் ஏலத்தில் ஒரு பழைய சிப்பர் எடுத்தார். ஒரு பக்கம் கிளையைக் கொடுத்தால் மறுபக்கம் சில்லுச் சில்லாகத் துப்பும் இயந்திரம். அதைப் பராமரிக்க, டிப்ளமோ படித்த என்னைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்.

அப்போது சின்னசேலத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே நிபந்தனை. "வேல பர்மனென்ட்டுனு கடுதாசி வரட்டுங்க. அப்பறம் முகூர்த்தம் பாக்கலாம்."

காண்ட்ராக்டரும் ஒன்று சொன்னார். "வெள்ளிமலை ரோட்ட நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தொறந்துட்டா கடுதாசி. இல்லாட்டி நேரா உங்க வூட்டுக்குப் போ."

அன்று ஆயுத பூஜை. சிப்பருக்குள் சுற்றும் கனமான சக்கரத்தில் நான்கு கத்திகள் உண்டு. எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, படையல் முடிந்ததும் திரும்ப மாட்டினேன். பொட்டு நம்மைப் பார்க்கத்தானே இருக்க வேண்டும்? (சாமி படத்தைச் சுவர் பக்கம் திருப்பியா மாட்டுவோம்?) நான்கு பொட்டும் என்னையே பார்த்தன. போல்ட் எட்டு, நட்டு எட்டு, வாஷர் பதினாறு. ஒன்றுகூடக் குறையவில்லை.

மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறும் இடத்தில் இரண்டு புளியமரங்கள் கிடந்தன. காத்து நின்ற வண்டிகள் பதினேழு. முதல் கிளையைக் கொடுத்தேன். சிப்பர் அதை வெட்டவில்லை, அடித்தது. இயந்திரமே குதித்தது. கிளை போன வழியே திரும்பி வந்தது. நான் பதினோரு அடி பின்னால் ஓடினேன்.

மரவள்ளிக்கிழங்கு லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், மரத்த வெட்டுதா, மேளம் அடிக்குதா?"

வேகம் போதவில்லை என்று படித்தவனுக்குத் தோன்றியது. கூட்டினேன். அடுத்த கிளை பறந்து வந்து காண்ட்ராக்டரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய்க் கிழங்கு லாரிக்குள் விழுந்தது.

"யோவ்! கருணாபுரத்துல ரம்பத்துக்குச் சாணை புடிக்கிற மேரிய இட்டுக்கினு வாங்கய்யா!" என்று கண்ணாடி இல்லாமல் வேறு யாரையோ பார்த்துக் கத்தினார்.

மேரிக்கு முப்பது வயதிருக்கும். வழியில் கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு மொபெட்டை அவரே ஓட்டி வந்தார். வந்ததும் இன்ஜினை நிறுத்திச் சாவியை இடுப்பில் செருகினார். பெல்ட்டைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். சக்கரம் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, அது அசையாமல் ஒரு கட்டை கொடுத்த பிறகே மூடியைத் திறந்தார். (இதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. பத்து விரலும் எனக்கு இருப்பது தற்செயல்.)

"யார் சார் கத்தி மாட்டினது?"

"நான்தாங்க."

"பொட்டு அழகா கீது. அது தெரியணும்னு நாலு கத்தியையும் திருப்பிப் போட்டுகினு கீறீங்க. கூர் பின்பக்கம் போயிடுச்சி. இது வெட்டாது, இடிக்கும்."

"எட்டு போல்ட்டும் சரியா இருக்குதுங்களே!"

"கணக்கு சரிதான் சார். கத்திதான் தப்பு."

லாரி டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து சிரித்தார்.

பிறகு நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். மழுங்கிய கத்திகளை எண்ணெய்க் கல்லில் தீட்டினார். எதிரெதிர்க் கத்திகளை ஒரு குச்சியின் இரு முனைகளில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்த்தார். ஒன்று சற்றுக் கனம். அதை மீண்டும் தேய்த்தார். எடை மாறினால் சக்கரம் உதறுமாம். மாட்டும்போது தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, கத்திக்கும் அடியிலிருக்கும் இரும்புக்கும் நடுவே விட்டு இடைவெளி பார்த்தார். நான்கு கத்திக்கும் அதே அட்டை. கடைசியில் என் குங்குமத்தை வாங்கி மூடியின்மேல் ஒரு பொட்டு வைத்தார். "இங்க வெச்சா சாமிக்கும் தெரியும், மிசினுக்கும் தொல்லயில்ல." அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது.

அதன் பிறகு புளியங்கிளைகள் உள்ளே போனதுதான் தெரியும். சில்லுகள் மழைபோல் கொட்டின. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சாலை திறந்தது. பதினேழு வண்டிகளும் ஹாரன் அடித்தன.

காண்ட்ராக்டர் கடுதாசியை எடுத்து, பெயருக்கு விட்டிருந்த இடத்தில் எழுதி, மேரியிடம் நீட்டினார். என் முகூர்த்தம் கிழங்கு லாரியோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேரி என் முகத்தைப் பார்த்தார். "எனக்குக் கூடமாட ஒரு ஆள் வேணுங்க. இவரு நல்லா எண்றாரு. நட்டு ஒண்ணு காணாப் போவாது. இவரையும் பர்மனென்ட்டா போடுங்க."

காண்ட்ராக்டர் முனகிக்கொண்டே இன்னொரு தாளில் எழுதினார். மாமனார் அதை இரண்டு முறை படித்தார். "மெக்கானிக் மேரிக்கு உதவியாளர். சரி, பர்மனென்ட்டுதானே?" என்று நாள் குறித்தார்.

மேரியக்காவிடம் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். இன்றும் கல்யாண வீடுகளில் யாராவது என் உத்தியோகம் பற்றிக் கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு, "மேரியக்காவுக்கு அசிஸ்டென்ட்டு" என்பாள். பந்தியே சிரிக்கும். நான் ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். அக்காவிடம் மொத்தம் ஐந்து அசிஸ்டென்ட்டுகள் இருந்தார்கள். முதல் ஆள் நான்.