எர்த் சாரும் தலையாட்டும் கண்ணாடிகளும்

ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களிலேயே காலில் எதுவும் போடாமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் எர்த் சார்தான். இதை நான் பந்தயம் கட்டிச் சொல்வேன். சுற்றிலும் எங்கே பார்த்தாலும் ஷூ. மேஜைமேல் ஷூ, அலமாரியில் ஷூ, அட்டைப் பெட்டிக்குள் கப்பலேறக் காத்திருக்கும் ஷூ. அதற்கு நடுவே இவர் மட்டும் மலைக்கு மாலை போட்டவர் மாதிரி வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு எர்த் சார். வெறுங்காலுக்குக் காரணம் கேட்டால் அவரே சொல்வார்.

"ரப்பர் சோல் போட்டு நடந்தா உடம்புல கரண்ட் சேரும்மா. அது நமக்குத் தெரியாது. போய் ஒரு சிப்பைத் தொட்டா சிப்புக்குத் தெரியும். தெரிஞ்ச அடுத்த நிமிஷம் அது உயிரோட இருக்காது. வெறுங்கால்னா கரண்ட் பூமிக்குள்ள போய் எர்த் ஆயிடும்."

ரப்பர் சோல் ஒட்டி ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் உள்ளேயே நின்றுகொண்டு ரப்பர் சோலைப் பற்றி இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும்.

அரக்கோணத்துக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஞ்சினியர். மெஷின்களுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகள் அவர் பொறுப்பு. கட்டிங் ஹாலை ஒட்டி அவருக்கு ஓர் அறை. வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய் பூமிக்குள் இறங்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் முதலாளியை எல்லோரும் சாஹிப் என்போம். அவரே வந்தாலும் வாசலில் நின்று, பெருமூச்சு விட்டு, குழாயைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

கட்டிடத்தின் எர்த் ஒயரை அவர் நம்பவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் தானே குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார். உப்புக்கு எங்கே போவது? சாஹிபின் தம்பி நடத்திய, தோல் பதனிடும் ஷாப்பில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பச்சைத் தோலிலிருந்து உதறிய உப்பு. அதை அள்ளி வந்து போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஊரில் உள்ள நாய்களெல்லாம் அந்தக் குழியைச் சுற்றி மாநாடு போட்டிருந்தன. எர்த் சார் ஒரு கையில் குச்சியும் இன்னொரு கையில் தண்ணீர்க் குடமுமாகத் தன் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் நான் காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோனேன். பேட்டர்ன் ரூமில் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டுகளின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைவேன். அந்த வடிவம் அட்டையாக வெட்டப்பட்டுக் கட்டிங் ஹாலுக்குப் போகும். அங்கே கட்டிங் மாஸ்டர் கரீம் பாய் தோலை விரித்து, தழும்பும் உண்ணிக் கடியும் இல்லாத இடமாகப் பார்த்து அட்டையை வைத்து, வெள்ளிப் பென்சிலால் கோடு போடுவார்.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்த எர்த் சாருக்கு ஒரு நாள் யோசனை வந்தது. அட்டை எதற்கு? வடிவத்தை மேலிருந்து வெளிச்சமாகத் தோல்மேல் விழவைத்தால்? அந்த வெளிச்சத்தை இப்படி அப்படி நகர்த்திப் பார்த்து, நல்ல இடத்தில் நிறுத்தி வெட்டிவிடலாமே?

சாஹிபிடம் போய்ப் பேசினார். பேசினார் என்றால் கையை ஆட்டி, மேஜையைச் சுற்றி வந்து, ஷூ பெட்டியைத் தோல் என்றும் டார்ச் லைட்டை மெஷின் என்றும் வைத்துக்கொண்டு பேசினார். சாஹிப் கடைசியில் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்க ரூமை லைனிங் துணி வைக்கிறதுக்கு ஸ்டோர்ல கேட்டுக்கினே இருக்காங்க சார். இந்த லைட்டு வேலை செஞ்சா ரூம் உங்களுது. செய்யலன்னா ஜாஸ்தி பேஜார் பண்ணாம காலி பண்ணிக் குடுத்துடணும்."

அப்படித்தான் வெளிநாட்டிலிருந்து அந்த போர்டு வந்தது. மைக்ரோமிரர் போர்டு. கேட்டில் வாட்ச்மேன் பார்சலைப் பிரித்துப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதப் போனார்.

"இன்னா சார் ஐட்டம் இது?"

"கண்ணாடி."

"கண்ணாடி ஒண்ணு."

"ஒண்ணு இல்லய்யா. அதுல லட்சக்கணக்குல இருக்கு."

வாட்ச்மேன் பேனாவை நிறுத்திவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப வர்ற வழியில உடைஞ்சிடுச்சுன்னு எழுதிடட்டுமா சார்?"

எர்த் சார் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். புது கம்ப்யூட்டர் பேட்டர்ன் ரூமில் மட்டும்தான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவள் நான். "ரூத்தும்மா, நாளைக்கு உன் கம்ப்யூட்டரோட என் ரூமுக்கு வந்துடு. காட்டன் சேலை கட்டிக்கினு வா. நைலான் கூடவே கூடாது."

மறுநாள் காலையில் நான் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் கிளம்பியதைப் பார்த்து அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "யாரைம்மா பாக்கப் போற?"

"கண்ணாடியப் பாக்கப் போறேம்மா."

அம்மாவின் முகம் பழையபடி ஆனது.

எர்த் சார் அன்று காலையே குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளவென்று இருந்தார். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனை ஜன்னலுக்கு வெளியே நாய்களின் குழியில். பசு மாதிரி கட்டுண்டிருந்தார். கயிறு எட்டும் தூரம்தான் நடமாட்டம். வெள்ளிநிறப் பையை ஓரமாகக் கத்தரித்து போர்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பச்சை அட்டை. நடுவில் என் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பளபளப்பு.

"இதுக்குள்ளதான் அத்தனை கண்ணாடியும் இருக்கும்மா. ஒவ்வொண்ணும் தலைமுடி கனத்தைவிடச் சின்னது. ஒவ்வொண்ணும் தனியாத் தலையாட்டும். இந்தப் பக்கம் சாஞ்சா வெளிச்சம் சுவத்துல விழும், ஒரு புள்ளி. அந்தப் பக்கம் சாஞ்சா அந்த இடம் இருட்டு. நடுவுல 'பாக்கலாம்'ங்கற பேச்சே கெடையாது. நம்ம பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் மாதிரி இல்ல."

எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் ஒரு சி.டி.யில் வந்திருந்தது. நான் அதை ஏற்றினேன். யு.எஸ்.பி. ஒயரால் போர்டையும் கம்ப்யூட்டரையும் இணைத்தோம். கரண்ட் கொடுக்கும் அடாப்டரைத் தேடியபோதுதான் தெரிந்தது, அது பெட்டியிலேயே இல்லை. தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லிப் புத்தகத்தில் ஒரு மூலையில் போட்டிருந்தது. எர்த் சாருக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. பழைய ஸ்கேனரின் அடாப்டரை எடுத்து, மீட்டரால் வோல்ட்டை அளந்து பார்த்து, ஒயரைச் சேர்த்துவிட்டார்.

போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் "டிங் டொங்" என்றது. திரையில் இணைப்புக் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. எர்த் சார் என் கையைக் குலுக்கினார். "இப்ப கண்ணாடிங்க மேல வெளிச்சம் அடிக்கிற எல்.இ.டி.யை ஆன் பண்ணு." பண்ணினேன். சுவரில் ஏதோ மின்னியது. உடனே கம்ப்யூட்டர் "டொங் டிங்" என்றது. இணைப்புப் போய்விட்டது.

மறுபடி. டிங் டொங். எல்.இ.டி. டொங் டிங்.

கதவைத் திறந்துகொண்டு கேன்டீன் கமலாக்கா ட்ரேயோடு வந்து நின்றார். "பெல் அடிச்சீங்களா சார்? டீ."

நாங்கள் அடிக்கவில்லை. ஆனால் கமலாக்காவுக்கு இந்த டிங் டொங்குக்கும் சாஹிப் அறை காலிங் பெல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒயரை மாற்றினோம், டிங் டொங், டீ. மென்பொருளைக் கழற்றித் திரும்ப ஏற்றினோம், டிங் டொங், டீ. மதியத்துக்குள் அறையில் டீ கிளாஸ் வைக்க இடமில்லை. எர்த் சார் வந்த டீயையெல்லாம் மரியாதைக்காகக் குடித்து, முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இயங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆகப்போகும் நேரத்தில் திடீரென்று மேஜையைத் தட்டினார். "ரூத்தும்மா, எல்.இ.டி. எரியறப்பதான் போவுது. எப்பவுமே. கவனிச்சியா? இது பழுது இல்ல. பசி. வோல்ட் சரியாத்தான் இருக்கு, ஆம்பியர் கம்மி. அரை வயித்துச் சோத்தைப் போட்டு மலையேறச் சொன்னா மயங்கி விழாம இன்னா பண்ணும்?"

கையிலிருந்த பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கனமான பவர் சப்ளையோடு திரும்பி வந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இருவருமே இல்லை. இணைத்தோம். டிங் டொங். எல்.இ.டி.யை ஆன் செய்தேன். ஒரு விநாடி போனது. இன்னொரு விநாடி. டொங் டிங் வரவில்லை. மென்பொருளில் சோதனைப் படம் என்ற பட்டனை அமுக்கினேன்.

சுவரில் ஒரு சதுரங்கப் பலகை வந்து நின்றது.

கட்டம் கட்டமாக, ஓரம் பிசிறாமல், கத்தியால் வெட்டியதுபோல் வெள்ளையும் கறுப்பும். எர்த் சார் சுவருக்குப் போய் ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஆமாங்குதுங்க பாரு, எல்லாம் ஒண்ணா ஆமாங்குதுங்க" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. தையல் பிரிவுப் பெண்கள் ஒரு பட்டாளமே வாசலில் நின்றது. முன்னால் தனலட்சுமி, இடுப்பில் கை.

"யார் சார் கேட்டுல பஞ்ச் மிஷினைக் கழட்டினது? கார்டு போடாம எப்படி வெளிய போறது? ஜோலார்பேட்டை பாசஞ்சர் போய்டும், யார் பதில் சொல்றது?"

பவர் சப்ளை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. நான் மேஜைக்கு அடியில் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். எர்த் சாரோ கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்போல் இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் பைப்பைத் தொட்டுட்டு உள்ள வாங்க."

சண்டைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று குழாயைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். "கட்டம்தான் வருமா?" என்றாள் தனலட்சுமி, விட்டுக்கொடுக்காமல்.

"எது வேணா வரும். ரூத்தும்மா, இவங்க பேரை எழுது."

எழுதி ஏற்றினேன். சுவரில் தனலட்சுமி இடம் வலமாகப் புரண்டு வந்தாள். மென்பொருளில் படத்தைத் திருப்பும் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். சுவர் அகலத்துக்குத் தனலட்சுமி நேராக வந்து நின்றாள்.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "என் பேரு ஷகிலா சார்." இன்னொன்று, "மேரி பேரைப் போடுங்க." ஒவ்வொரு பெயராகப் போட்டுக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்தப் பெண் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஜோலார்பேட்டை பாசஞ்சர் போயே போய்விட்டது. ஒருத்திகூடத் திட்டவில்லை.

அடுத்த வாரம் சாஹிப் பார்க்க வந்தார். கூடவே கரீம் பாய். மேலே போர்டைக் கவிழ்த்து மாட்டியிருந்தோம், கீழே மேஜையில் தோல் விரித்திருந்தது. பளபளக்கும் கறுப்புத் தோல். எங்கள் ஆர்டரில் முக்கால்வாசி கறுப்புதான். நாங்கள் அதுவரை சோதனை செய்ததெல்லாம் வெள்ளைச் சுவரில். நான் ஷூத் துண்டின் வடிவத்தை ஏற்றிப் பட்டனை அமுக்கினேன். தோல்மேல் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சம் முழுவதையும் அது குடித்துவிட்டது.

எர்த் சார் ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் மூடினார். அறை இருட்டானதும் மெல்லிய கோடு தெரிந்தது. கரீம் பாய் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், ஜன்னல் தொறந்தா கோடு தெரியல. மூடினா தோல் தெரியல. நான் எதை வெட்டறது?"

சாஹிப் அறையைச் சுற்றிப் பார்த்தார். லைனிங் துணி எத்தனை ரோல் கொள்ளும் என்று கணக்குப் போடுகிற பார்வை அது. எர்த் சார் அந்தக் கறுப்புத் தோலையே தடவிக்கொண்டிருந்தார். அவர் கையில் கட்டியிருந்த ஒயர்கூடத் தொங்கிப்போனது போலிருந்தது.

பிறகு என்ன தோன்றியதோ, பட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்து வெளியே ஓடினார். கட்டிங் ஹாலில் யாரோ கத்துவது கேட்டது. திரும்பி வந்தபோது தலைமேல் ஒரு முழு வெள்ளைத் தோலைப் போட்டுக்கொண்டு வந்தார். முகம் தெரியவில்லை. பேய் மாதிரி கதவில் இடித்துக்கொண்டு, அப்போதும் மறக்காமல் குழாயைத் தடவித் தொட்டுவிட்டு, உள்ளே வந்து அதை மேஜையில் விரித்தார். மருத்துவமனை நர்ஸ்களுக்கான வெள்ளை ஷூவுக்கு ஒரு சின்ன லைன் எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான தோல்.

ஜன்னலைத் திறந்தார். பகல் வெளிச்சத்திலேயே கோடு பளிச்சென்று விழுந்தது. சரியாக ஒரு தழும்பின்மேல் விழுந்தது. நான் அம்புக்குறி பட்டனைத் தட்டினேன். வடிவம் தழும்பை விட்டு நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளும்மா," என்றார் கரீம் பாய். "இன்னும். ஆங், திருப்பு." அப்புறம் "நகரு, நான் பாக்கறேன்" என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தவர், சாஹிப் கிளம்பும்வரை கீபோர்டை விடவில்லை.

சாஹிப் வாசலில் நின்று திரும்பினார். "ரூம் உங்களுதே இருக்கட்டும் சார். ஆனா அந்தப் பஞ்ச் மிஷினுக்கு மட்டும் உயிர் குடுத்துடுங்க. ஒரு வாரமா யார் வர்றாங்க, யார் போறாங்கன்னே தெரியல."

வெள்ளை ஷூ லைன் ஓடிய வரைக்கும் அந்த வெளிச்சத்தில்தான் தோல் வெட்டினார்கள். பிறகு எர்த் சார் கோயம்புத்தூர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "சேலை விஷயத்துல உன்னை ரொம்பப் படுத்திட்டேன்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இப்போது பெரிய தியேட்டர்களில் படம் காட்டும் மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் அதே மாதிரி கண்ணாடிகள்தான் தலையாட்டுகின்றன என்று எங்கோ படித்தேன். விளக்கு அணைந்ததும் எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். நான் ஒரு தடவை பின்னால் திரும்பி, வெளிச்சம் வரும் அந்தச் சின்ன ஜன்னலைப் பார்ப்பேன்.

"யாராவது தெரிஞ்சவங்களா?" என்பார் வீட்டுக்காரர்.

"ஆமா," என்பேன்.