உறைக்குள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்

அன்று அந்தப் பழைய கார் கடை வளாகத்தில் மூன்று லட்சம் பேர் நின்றார்கள். நானே எண்ணினேன். வளாகத்தில் இருபது கார் நிறுத்தத்தான் இடம் உண்டே என்று யாராவது குறுக்கே பேசினால், அவர் பொறாமை பிடித்தவர்.

இத்தனை கூட்டமும் உள்ளங்கையாரைப் பார்க்க. பளீரென்ற வெள்ளைச் சட்டை, பாதி மூடிய கண். உறை போட்டு மூடிய காரின் மேல் ஒரு சாண் உயரத்தில் வலது கையை நீட்டுவார். தொடமாட்டார். உறையை விலக்கவும் மாட்டார். உடனே கார் தன் வாழ்க்கை வரலாற்றை அவர் உள்ளங்கையில் ஒப்பிக்கும். என்ன நிறம், எத்தனை கை மாறியது, எங்கே அடிபட்டது, அடுத்து யாரிடம் போக ஆசைப்படுகிறது, எல்லாம். நிறம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எப்படித் தப்பும்? கார் கடைக்காரருடையது, உறை கடைக்காரருடையது, பக்கத்தில் நின்று விதவிதமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தவரும் அதே கடைக்காரர்தான்.

என் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஒளி எப்படி வளைகிறது என்று ஊரார் பிள்ளைகளுக்கு விளக்குவார். சொந்தப் பிள்ளை என்று வந்ததும் தானே வளைந்துவிட்டார். மகளுக்குப் பதினெட்டு வயது. லைசென்ஸ் வாங்கி ஒன்பது நாள். முதல் காரே ஸ்போர்ட்ஸ் காராக வேண்டும் என்று அடம்.

உள்ளங்கையார் ஓர் உறையின் மேல் கையை நீட்டினார். கடைக்காரர் இரண்டு முறை செருமினார்.

"மஞ்சள் வண்டி. ஒரு டாக்டரம்மா வெச்சிருந்தது. கீறல்கூடப் பட்டதில்ல. உங்க பொண்ணு வரட்டும்னே காத்துக்கிட்டு இருந்திருக்கு."

உறையை விலக்கினார்கள். மஞ்சள்! பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் நில்லுண்ணே." அவருடைய தங்கை. எதிர்ப்பக்கம் டயர் கடை நடத்துகிறவர். "கீழ குனிஞ்சு பாத்தியா?"

"அதெல்லாம் பாத்தா ஐயாவுக்கு மரியாதையா இருக்காதும்மா."

"இவ நூத்தி இருபதுல போகும்போது வண்டி ரெண்டாப் பிஞ்சா, உன் மரியாதை வந்து தாங்கிப் பிடிக்குமா?"

"அத்தை, ப்ளீஸ்! உங்களுக்கு லாரியத் தவிர எதுவுமே பிடிக்காது."

"சரிடி. என் கடை வாசல்ல உறை போட்டு ஒண்ணு நிக்குது. ஐயா அதையும் பாத்துச் சொல்லட்டும். சரியாச் சொன்னா நான் வாயத் தொறக்கல."

மூன்று லட்சம் பேரும் சாலையைக் கடந்தோம். நாலு நிமிடம் ஆனது. கடைக்காரரும் வந்தார். ஆனால் எதைச் செருமுவது என்று தெரியாமல் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்.

உள்ளங்கையார் கையை நீட்டினார்.

"சிவப்பு. கூரை மடங்குற வண்டி. ஒரே ஓனர். அப்பப்பா, என்ன துடிப்பு! நாலு விநாடியில நூறு தொடும்."

"பிரேக் எப்படிங்க?" என்றார் தங்கை, ரொம்பப் பணிவாக.

"கல்லு மாதிரி இருக்கு."

தங்கை உறையை உருவினார். உள்ளே முப்பது பழைய டயர். அவற்றின் மேல் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சு. முன்பக்கம் ஒயிலாகச் சரிவதற்கு ஒரு மடக்கு ஏணி.

அந்தச் சிரிப்பில் பக்கத்துத் தெருக் கண்ணாடிகள் உடைந்தன.

உள்ளங்கையார் அசரவில்லை. "இந்த டயரெல்லாம் ஒரு காலத்துல சிவப்பு வண்டியில ஓடினதுதான். அந்த நினைப்பு இன்னும் போகல."

"இருக்கலாமே!" என்றார் இயற்பியல் ஆசிரியர். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அப்போதும் சந்தேகப்பட்டார். தங்கையை! "இவரைப் பிடிக்காம நீ ஏதோ சூழ்ச்சி பண்றே. அந்த மஞ்சள் வண்டி நிறத்தைச் சொன்னாரா இல்லையா?"

தங்கை கருவிப் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். "எட்டாங்கிளாஸ் பாடம்தானே, சார்? போய் ஒட்டிக் காட்டு."

மஞ்சள் காரின் கதவில் காந்தம் டக்கென்று ஒட்டியது. கதவைத் தாண்டிப் பின்பக்கம் வைத்தார், வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அங்கே இரும்பே இல்லை. பூச்சுதான், இரண்டு விரல் கனத்துக்கு. மகளே உள்ளே குனிந்து தரைவிரிப்பைக் கிழித்தாள். குறுக்கே ஒரு வெல்டிங் தழும்பு. அடித்தகட்டில் முன்பாதி மஞ்சள், பின்பாதி நீலம். நொறுங்கிப்போன இரண்டு கார்களில் மிஞ்சியதை ஒட்டவைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். ஒட்டு சரியாக ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே.

உள்ளங்கையார் அப்போது அங்கே இல்லை. அவர் ஓடிய வேகத்துக்கு எந்த ஸ்போர்ட்ஸ் காரும் ஈடாகாது. பின்னாலேயே கடைக்காரர், தொண்டையில் சத்தமே இல்லாமல்.

"எவ்வளவு வேகமாப் போகுதுன்னு கேட்டீங்களே, எப்படி நிக்கும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றார் தங்கை கூட்டத்தைப் பார்த்து. "உள்ளங்கையைப் பாத்தது போதும். கொஞ்சம் உங்க தலைக்குப் போட்டிருக்கற உறையைக் கழட்டுங்க."

ஆசிரியர் இன்னும் அந்தத் தழும்பின் மேலேயே விரலை வைத்திருந்தார். விரிசலுக்குள் நகம் போயிற்று. நகம் போன இடத்தில், வண்டிக்கு அடியில் கிடந்த மண் தெரிந்தது.

"இப்பவாவது நம்புறீங்களாப்பா?" என்றாள் மகள்.

"நம்புறேம்மா. கண்ணு முன்னாடி நடந்திருக்கு." பேனாவை மூடினார். "இன்னும் ஒரு கையெழுத்துல உன்னை இதுக்குள்ள உக்கார வெச்சிருப்பேன்."