மூங்கிலண்ணன் பிரித்த நாலு கட்சி

பிரிக்ஃபீல்ட்ஸில் துரைக்குப் பயப்படாதவர் உண்டு, புலிக்குப் பயப்படாதவர் உண்டு. மூங்கிலண்ணனுக்குப் பயப்படாதவர் ஒருத்தர் கிடையாது. இத்தனைக்கும் ஆள் ஈர்க்குச்சி. காற்று பலமாக அடித்தால் பக்கத்து வேலியைப் பிடித்துக்கொள்வார்.

அவர் தொழில் பாடை கட்டுவது. கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, பின்னால் மூங்கில் குவியல், ஆணியில் ஒரு சங்கு. சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. பாடை கட்டுகிறவரிடம் பெயர் கேட்டுப் பழக யாருக்கு ஆசை?

அது முப்பதுகளின் தொடக்கம். ரப்பருக்கும் விலையில்லை, ஈயத்துக்கும் விலையில்லை. ரயில்வேயில் ஆட்குறைப்பு. கப்பலேற்றித் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பியது போக மிச்சமிருந்த ஆண்கள் தெருவோர ஒட்டுக்கடைகளில் தேநீரோடு உட்கார்ந்து கட்சி பேசினார்கள். கையில் வேலை குறையக் குறைய வாயில் கொள்கை ஏறியது. அவர்கள் பாட்டுக்குப் பேசிவிட்டுச் செத்துப்போவார்கள். சிக்கல் எல்லாம் மூங்கிலண்ணனுக்குத்தான்.

செத்தவர்களை அவர் நாலு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தார். சனாதனி என்றால் சங்கு, கொள்ளிச்சட்டி, பண்டாரம் எல்லாம் வேண்டும். சீர்திருத்தக்காரருக்குப் பாட்டு உண்டு, சங்கு கூடாது. கதர்க்காரருக்கு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடித்துணி கைராட்டையில் நூற்றதாக இருக்கவேண்டும். சுயமரியாதைக்காரருக்கு ஒன்றுமே வேண்டாம், சொற்பொழிவு மட்டும் போதும்.

"சனாதனி சாவுதான்லா நல்ல சாவு," என்பார். "வெரசா தூக்கிடலாம். சுயமரியாதைக்காரரு செத்தா உச்சி வெயில்ல நாலு பேரு பேசுவாங்க. அதுல ஒருத்தரு தன் சொந்தக் கதைய ஆரம்பிச்சிடுவாரு. பொணமே எந்திரிச்சி, நானே நடந்து போய்க்கிறேன்னு சொல்லிடும்போல இருக்கும்."

ஒருமுறை அரிசிக்கடைக் கணக்கப்பிள்ளை இறந்துபோனார். மேடை மேடையாகச் சாமியைத் திட்டியவர் ஆயிற்றே என்று, ஒரு பூக்கூட இல்லாமல் மொட்டைப் பாடை கட்டிக்கொண்டு போனார் மூங்கிலண்ணன். அந்த மனிதரோ போன தைப்பூசத்தில் மனம் மாறிப் பத்துமலையில் காவடி எடுத்திருக்கிறார். இது பாவம் இவருக்குத் தெரியாது. மச்சான்மார்கள் அந்தப் பாடையிலிருந்தே மூங்கிலை உருவி இவரை அடித்தார்கள்.

அன்று முதல் அவர் உயிரோடிருப்பவர்களைக் கேட்க ஆரம்பித்தார். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வரும்.

"அண்ணே, இப்ப என்ன கொள்கை?"

"டேய், நான் சாகப்போறேங்கறியா?" என்று கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஒருவர் மீனாலேயே அடிக்க ஓங்கினார்.

"சேச்சே, அவசரமில்லண்ணே. மூங்கில் வெட்டி வைக்கணும்லா, அதான்."

ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார். "நான் ராஜவிசுவாசி, காணும்."

மூங்கிலண்ணன் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "அதுக்கு எந்தத் துணி போத்தணும் ஐயா?"

ஆனால் கேட்டுவைத்தும் பயனில்லை. ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வருவதற்குள் எல்லாம் மாறிவிடும்.

"அமிதவாதின்னு பேரு வாங்குனவன இப்ப மிதவாதிங்கறாங்க," என்று எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வாசலில் நின்று புலம்புவார். "அவன் பேசறது என்னவோ அதே பேச்சுதான். பக்கத்துல புதுசா வந்தவன் அவனவிட சத்தமா கத்தறான், அவ்ளோதான். சுயமரியாதைன்னு சொல்றவன் வீட்டுல சாமி படம் இருக்கு. சனாதனி பண்டாரம் வேணாங்கறான். நான் எதத்தான் வெட்டறது?"

அவருக்குப் பெரிய தலைவலி என் அண்ணன். அப்பா அம்மா போனபின் என்னை வளர்த்தவர் அவர்தான். ரயில்வேயில் பிட்டர். முதலில் கதர் கட்டினார். மழையில் அது காயவில்லை என்று சுயமரியாதைக்குப் போனார். அங்கே மேடையில் பேச விடவில்லை என்று சீர்திருத்தத்துக்கு வந்தார். சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது மூங்கிலண்ணன் காத்திருப்பார்.

"தம்பி, இன்னிக்கி எதுல இருக்க?"

"இன்னும் உசுரோடதான் இருக்கேண்ணே."

கதவுக்குப் பின்னால் நின்று நான் சிரிப்பேன். அவர்கள் முன்னால் வந்ததில்லை. ஆண்கள் எதிரே பேச எனக்கு வராது.

அந்த வருஷ மழையில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டார்.

நாலு கூட்டமும் வந்தது. ஒருவர் கையில் கதர்த்துணி. பிறந்ததிலிருந்தே எங்கள் ஆள் என்று ஒருவர் கையில் கொள்ளிச்சட்டி. ஒருவர் தொண்டையைக் கனைத்துப் பேசத் தயாராக நின்றார். பாட்டுக்காரர்கள் தாளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். "எங்க ஆளு", "இல்ல, எங்க ஆளு" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே மழை கொட்டியது. அண்ணனின் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அவரைத் தூக்கினால் வாசலோடு என்னை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பது? இது ஒன்றுதான் மனசில் ஓடியது.

மூங்கிலண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தங்கச்சி, உன் கொள்கை என்ன?"

அதுவரை என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. சோறு ஆச்சா என்பதைத் தவிர.

"அண்ணன்கூட சுடுகாடு வரைக்கும் வரணும்," என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

அவர் எழுந்து நின்றார். "இந்தப் பொண்ணு சுடுகாட்டுக்கு வரணுமாம். எந்தக் கட்சியில இதுக்கு எடமிருக்கு?"

"பொம்பளையா? ஐயையோ, அடுக்குமா!" என்றார் கொள்ளிச்சட்டிக்காரர்.

"தாய்க்குலத்த நாங்க மதிக்கிறோம். ஆனா சுடுகாடுன்னா..." என்று இழுத்தார் கதர்க்காரர். பாட்டுக்காரர்கள் தாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொள்கைப்படி வரலாம்," என்றார் பேசவந்தவர். "ஆனா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

மூங்கிலண்ணன் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "அப்ப நான் இத்தன நாளா நாலா பிரிச்சது தப்பு. நீங்க எல்லாம் ஒரே கட்சிதான்."

பாடையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலிப் பாடையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உயிருள்ளவன் பாடையில் உட்கார்ந்ததைப் பார்த்துச் சனாதனிகளும் அலறினார்கள், சகுனமே இல்லை என்று சொல்பவர்களும் அலறினார்கள்.

"எறங்குய்யா!"

"அவ வந்தா எறங்கறேன். இல்லாட்டி என்னையும் சேத்துத் தூக்குங்க. கனமா இருக்க மாட்டேன்."

பாடை முடிச்சுப் போட ஊரில் வேறு ஆளில்லை. மழையும் விடவில்லை. கடைசியில் நாலு கட்சியும் வழிவிட்டது. பாடைக்குப் பின்னால் நான் நடந்தேன். வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்து மூடின. கண்ணைத் துடைக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் வந்த மூங்கிலண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அழுதுக்க தங்கச்சி. மழ பெய்யுது, யாருக்கும் தெரியாது."

அதற்கப்புறம் நாலு கட்சியும் அவரைக் கூப்பிடவில்லை. வேறு எதிலும் அவர்கள் இப்படி ஒத்துப்போனதில்லை. அவர் கிள்ளான் பட்டணத்துக்குப் போய் ஒரு சீனர் கடையில் கூடை முடைந்தார் என்று கேள்வி. எனக்குக் கல்யாணமாகி மூத்தவன் பிறந்தபிறகு, அவர் இறந்த செய்தி வந்தது. கடைக்காரச் சீனர்கள்தான் தங்கள் வழக்கப்படி ஊதுவத்தி ஏற்றி அடக்கம் செய்திருந்தார்கள்.

ரயிலேறிப் போனேன். புல் முளைக்காத ஒரு மண்மேடு. அங்கே எந்த முறைப்படி கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவருக்கு அழுவதைப்போல அழுதுவிட்டு வந்தேன்.