சிவப்பு மையில் பதின்மூன்று கட்டங்கள்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் இவரும் தையல் மெஷினும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும், மாப்பிள்ளையும், என் பொண்ணும், நம்ம பேத்தியும், ஆபரேஷன் செய்த உங்கள் வலது கண்ணும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் இருபது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். எங்காவது ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் சுழிக்காமல் படிக்கவும். சுழித்தாலும் பரவாயில்லை, உங்கள் சிவப்பு மைக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனுக்கு இந்தக் கடிதம் முழுக்கச் சுழித்தாலும் தகும். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீங்கள் லைன் கோளாறு என்று வைத்துவிடுவீர்கள்.

முதலில் அந்த மெத்தை விஷயத்தை என் வாயாலேயே ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் வந்து மூன்று வாரம் தங்கப் போவதாகப் பொண்ணு சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்களுக்கு முதுகுவலி என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலோ இருந்தது ஒரு பழைய பஞ்சு மெத்தை, நடுவில் பள்ளம், படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். தலைமையாசிரியையை அதில் படுக்கவைக்க மனசு வருமா? நான் தைத்துக் கொடுக்கிற சலவைக்கடைக்காரர் என் கூலியைப் பாங்க்கில் போட ஆரம்பித்ததும் பாங்க்காரர்கள் எனக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள், கையில் காசு இல்லாமலே வாங்கலாமாம். கால்சட்டை ஓரம் மடித்துத் தைக்கிறவளை நம்பிக் கொடுத்தார்களே என்று பெருமையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன், அன்றைக்கு எடுத்தேன். முதுகுவலிக்காரர்களுக்கென்றே செய்த மெத்தை, பதினெட்டாயிரம். தேய்த்தார்கள், சீட்டு வந்தது, அவ்வளவுதான், வலிக்கவே இல்லை. வலி பின்னாடி வந்தது.

மெத்தை எங்கள் மாடிப்படியில் ஏறின கதையைச் சொல்லவா? இவர் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர், தெரியுமே, சுமக்கிறவர்கள் முன்னால் நின்றுகொண்டு "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, வரலாம்" என்று கையை ஆட்டி ஆட்டி இரண்டாம் மாடி வளைவில் கொண்டுபோய் நன்றாகச் சொருகிவிட்டார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேல் வீட்டு நர்ஸம்மா வேலைக்குக் கிளம்பி வந்தவர் வெள்ளை உடுப்போடு மெத்தைக்கு அடியில் தவழ்ந்து போனார். "அம்மா, ஆஸ்பத்திரியிலகூட நான் இப்படித் தவழ்ந்ததில்ல" என்றார்.

நீங்கள் வந்தீர்கள். முதல் நாள் காலையில் பார்த்தால் தரையில் பாயை விரித்துப் படுத்திருக்கிறீர்கள். "இருபது வருஷமா தரையிலதான் சம்பந்தியம்மா, மெத்தை எனக்கு ஆகாது. எனக்காக ஏதும் புதுசா வாங்கலையே?" என்று கேட்டீர்கள். "சேச்சே, ரொம்ப நாளா கிடக்கிற மெத்தைங்க" என்றேன். அதன் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் உறையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டினீர்கள். அந்தப் பெரிய மனசை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். ஆனால் நீங்கள் இருக்கும்போது மெத்தை எப்படி இறங்கும்?

அப்புறம் பாங்க்கிலிருந்து கடிதம் வந்தது. குறைந்தபட்சத் தொகை அறுநூற்று நாற்பது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தான். இவர், "அவங்களே அவ்வளவு போதும்னு சொல்றப்ப, அவங்களுக்கு இல்லாத அவசரம் உனக்கு எதுக்கு?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆறு மாசம் கட்டினேன் சம்பந்தியம்மா, ஒரு மாசம் தவறாமல். ஆறு மாசத்தில் நாலாயிரத்துக்குக் கிட்டக் கட்டியவள் கடன் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பார்த்தால், பதினேழாயிரத்து முந்நூற்றைம்பத்து மூன்று! பாங்க்குப் பொண்ணைப் போனில் பிடித்துக் கேட்டேன், "ஏம்மா, நான் கட்டினதெல்லாம் எங்க போச்சு?" "வட்டிக்குப் போச்சும்மா" என்றாள். என்னவோ ஊருக்குப் போன மாதிரி சொல்கிறாள்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் கண்ணைக் காட்டிப்போக மறுபடி நாலு நாள் வந்தீர்கள். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "அடுத்த வருஷம் பேத்தி காலேஜுல சேரணும், கட்டணம் பதின்மூணாயிரம், அதுல பாதி நான் கொடுக்கிறேன்" என்றீர்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ரோஷம், "மீதிப் பாதி நாங்க" என்றேன். இவருக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. பேத்தி உங்களுக்கு மட்டுமா பேத்தி? மூக்கு உங்கள் மூக்கு, சரி, ஆனால் அந்த விரல் என் விரல், ஊசியில் நூல் கோர்க்கிற விரல். அவளுக்குப் பாதி நான் கொடுக்காவிட்டால் என் பொண்ணு உங்கள் வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? ஆனால் கடனையே அடைக்க முடியாதவள் ஆறாயிரத்தைந்நூறுக்கு எங்கே போவேன்? நீங்கள் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தேன். 

நீங்கள் போன மறுநாள் இழுப்பறையைத் திறக்கிறேன், பாங்க் கடிதத்தின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் பதின்மூன்று கட்டங்கள்! மேலே, "புறப்படும் இடம் 17,353. சேரும் இடம் 0" என்று இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சேமிப்பு ஐந்நூறு, கடன் ஆயிரத்து எழுநூறு. கீழே இரண்டே வரி. "சேமிப்பு முதலில். ஸ்டெப்னி இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது." "நடுவழியில் யாரையும் ஏற்றக் கூடாது." அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பார்த்துவிட்டீர்கள். எல்லாம் தெரிந்தும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்காமல், பேர்கூடப் போடாமல், பிள்ளைகளுக்கு அட்டவணை போடுவதுபோல் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இவரிடம் காட்டி, "பாருங்க, படிச்சவங்களுக்கு உங்க தொழிலும் தெரிஞ்சிருக்கு, என்ன அழகா ஸ்டெப்னின்னு எழுதியிருக்காங்க" என்றேன். இவர் இருமினார்.

கடன் இருக்கும்போது யாராவது சேமிப்பார்களா என்று முதலில் உங்கள் காகிதத்தோடு நான் சண்டைதான் போட்டேன். ஆனாலும் தலைமையாசிரியை சொன்னால் சொன்னதுதான். ஜிப் மாற்றும் வேலையையும் எடுத்துக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், இவர் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் டீக்கடையை விட்டார், பேப்பரை நூலகத்தில் போய்ப் படித்தார். உங்கள் பேருக்கு அவ்வளவு மரியாதை! கார்டு கண்ணில் பட்டால் கை போகுமே என்று அதை அந்த மெத்தையின் மூலையிலேயே வைத்து இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். சேமிப்பு பித்தான் டப்பாவில்.

ஐந்தாம் கட்டத்தில் மெஷின் மோட்டார் எரிந்துபோனது. புகை வந்தது, என் உயிரே போனது. மெஷின் நின்றால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் கட்டம் இல்லை. ரிப்பேர்காரர் ஆயிரத்து எண்ணூறு என்றார். நேரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மெத்தை மூலைக்குப் போய் முதல் தையலைப் பிரித்தேன் சம்பந்தியம்மா, பொய் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த ஸ்டெப்னி ஞாபகம் வந்தது. பித்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். இரண்டாயிரத்தைந்நூறு! பித்தானோடு பித்தானாக என் மானம் உட்கார்ந்திருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, பிரித்த தையலை மறுபடி போட்டேன். கடன் இருக்கும்போதே எதற்குச் சேமிக்கச் சொன்னீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

டப்பாவில் அந்த ஆயிரத்து எண்ணூறு பள்ளம் விழுந்துவிட்டதே. ஒரு ஓட்டல் பணியாளர்களுக்குப் பதினாறு கால்சட்டை கூடுதலாக மடித்து எண்ணூறு நிரப்பினேன். மீதி ஆயிரத்துக்கு வழியே இல்லை. பதின்மூன்றாம் கட்டமும் வந்தது, கடனுக்கு ஆயிரத்து எழுநூறு கட்டினேன். கட்டணத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, டப்பாவில் ஐயாயிரத்தைந்நூறு. அதற்கு முந்தின திங்கட்கிழமை பாங்க்குப் பொண்ணு கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்க அதிகமா கட்டிட்டீங்க. கடைசியா பாக்கி இருந்ததே அறுநூத்து முப்பத்து மூணுதான். உங்க கணக்குல ஆயிரத்து அறுபத்தேழு உபரியா நிக்குது."

"அப்ப நீங்க எனக்குக் கடன்பட்டிருக்கீங்களா?"

"அப்படியும் சொல்லலாம்மா."

"எப்பம்மா கட்டுவீங்க?"

"ஒரு வாரத்துல வந்துடும்மா."

விடுவேனா? மறுநாள் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும் கூப்பிட்டேன். "சும்மா ஞாபகப்படுத்தலாம்னுதான் கண்ணு. முழுசா முடியலன்னா குறைந்தபட்சத் தொகையாவது கட்டிடுங்க" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜையெல்லாம் சிரித்தது கேட்டது. பாவம், நல்ல பொண்ணு, மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லிப் புதன்கிழமையே போட்டுவிட்டாள். வியாழக்கிழமை ஆறாயிரத்தைந்நூறு முழுசாக அனுப்பினேன். மீதி அறுபத்தேழில் வாங்கியதுதான் இந்த உறையும் தபால்தலையும், பாங்க்கின் செலவில் உங்களுக்கு எழுதுகிறேன். பேத்தி மின்சாரப் படிப்பில் சேர்ந்துவிட்டாளாம், "பாட்டி, இனிமே உங்க மோட்டாரை நானே பார்த்துக்குவேன்" என்றாள். உங்களைப் பள்ளிக்கூடமே எழுந்து நின்று வணங்கியிருக்கும். நானும் இந்த மெஷின் முன்னால் எழுந்து நின்று வணங்குகிறேன்.

உங்கள் இரண்டு கண்ணும் ஊசிமுனையைக்கூடத் தெளிவாகப் பார்க்கட்டும், முதுகு தரையில் சுகமாகப் படியட்டும். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் எங்கள் ஆசி, பேத்திக்கு இரட்டைத் தையல் போட்ட ஆசி.

இப்படிக்கு,
யாருக்கும் கடன் இல்லாத
உங்கள் மருமகளின் அம்மா.

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டியாகிவிட்டது. பெட்டியில் போடக் கொண்டுபோகிற இவர், "என்ன இவ்வளவு கனமா இருக்கு?" என்று வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். "இதை அனுப்பாதே" என்றார். "ஏன், பிழையா?" என்றேன். "அவங்க எழுதல. நான்தான். சம்பந்தியம்மா மறந்துட்டுப் போன பேனா." நாற்பத்து மூன்று வருஷத்தில் இவர் எழுதி நான் பார்த்தது கையெழுத்து மட்டும்தான் சம்பந்தியம்மா! "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "குறைஞ்சபட்சம் கட்டுன்னு தப்பான ரூட் சொன்னவனே நான்தானே. மறுபடி நான் சொன்னா நீ கேட்டிருப்பியா?" யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன்.

ஆக உங்களுக்குக் கடனும் தெரியாது, மெத்தை விலையும் தெரியாது. எதை மறைக்க இத்தனை பாடுபட்டேனோ அதை நானே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கிழித்துவிடலாம் என்றால் தபால்தலை வீணாகும், வீண்செலவை விட்டாகிவிட்டது. அதனால் அனுப்புகிறேன். சிவப்பு மை வருகிற இடத்திலெல்லாம் உங்களை எடுத்துவிட்டு இவரைப் போட்டுப் படிக்கவும். நன்றியை மட்டும் திருப்பி வாங்கவில்லை, உங்களிடம் எனக்கிருக்கிற பயத்தில்தானே கட்டினேன். பேனாவை இத்துடன் வைக்கலாம் என்றால் இவர் தரமாட்டேன் என்கிறார். பேத்தியின் இரண்டாம் வருஷத்துக்கு இப்போதே ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை கீழே கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.