இடி ஊசி மறுத்த படலம்

கரைபுரளும் ஆறுகளை டாங்கியோடு கடந்தவனே, கண்ணிவெடி புதைந்த காட்டுவழியில் விசிலடித்துக்கொண்டு போய்வந்த திண்தோள் வீரனே, 'இடி' என்று முந்நூறு பேர் அழைக்கையில் எஞ்சின் உறுமலுக்குக் கிடைத்த பட்டமென்று மீசை தடவி நிமிரும் இரும்பூர்திச் செம்மலே, இந்த ஏழை எழுதுகோலைப் பொறுத்தருள்வாயாக! ஏனெனில் இங்கே பாடப்போவது நீ வென்ற போர்களை அல்ல. விரல் நீளமும் இல்லாத ஓர் ஊசியோடு நீ நடத்திய போரை.

"வெள்ளிக்கிழமைக்குள் அனைவரும் தடுப்பூசி இட்டுக்கொள்க!" என்று படைத்தலைவரின் ஆணை முழங்கிற்று. சட்டைக்கை சுருட்டிய வீரர் வரிசை மருத்துவ அறை வாசலில் வளைந்து நெளிந்து நின்றது. நம் நாயகனும் நின்றான். உள்ளே நர்ஸ் ஊசியைச் சுண்ட, அதன் நுனியில் ஒரு துளி முத்தெனத் திரண்டதைக் கண்டான். கண்டதும் பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டதாகச் சொல்லி வெளியேறினான். மறுநாள் டாங்கியில் எண்ணெய் ஒழுகிற்று. அதற்கும் மறுநாள் அவனுக்கு யாரோ போன் செய்தார்கள்.

இந்த அச்சத்தை அறிந்தவர் உலகில் இருவரே என்பது அவன் நம்பிக்கை. ஒருத்தி அவன் மனைவி. மற்றவர், படையில் சேர்ந்த நாளில் அவன் இரத்தம் எடுத்துவிட்டு, இப்போது ஓய்வுபெற்று எங்கோ இருக்கும் டாக்டர்.

அந்நேரம் தெய்வப் படைக்கலம்போல் வந்திறங்கியது மறுப்போர் பாதுகாப்புச் சட்டம். "ஊசி மறுக்கும் வீரரைப் பதவியிறக்கலாகாது! பணிநீக்கலாகாது! சிறையிடலாகாது!" என அதன் ஏழாம் பிரிவு முழங்க, நாயகன் நான்கே எட்டில் அலுவலகம் புகுந்து விண்ணப்பத்தைப் பற்றினான்.

"அண்ணே, காரணம்ங்கிற கட்டத்துல உண்மையை மட்டும் எழுதுங்க," என்றார் எழுத்தர். "பொய்யின்னு தெரிஞ்சா சட்டம் உங்களைக் காப்பாத்தாது."

"மனசாட்சின்னு எழுதலாமா?"

"மனசாட்சிதானா அண்ணே?"

பேனாவைக் கடித்தும், கூரையை நோக்கியும், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தும் முக்கால் மணி நேரம் போரிட்ட பின், 'பயம்' என்று எழுதினான். எழுத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"முடிஞ்சுது. நாளைக்குக் காலைல அணிவகுப்புல வாசிச்சிடுறேன்."

"எதை வாசிப்பே?"

"இதைத்தான். எந்த உத்தரவா இருந்தாலும் அணிவகுப்புல வாசிச்சாத்தானே செல்லும்? காரணத்தோட முழுசா வாசிக்கணும்."

அந்தோ! பதவியைக் காத்த சட்டம், வேலையைக் காத்த சட்டம், பட்டப்பெயரைக் காக்க ஒரு வரியும் வைக்கவில்லையே! முந்நூறு பேர் சிரித்தபின் 'இடி' என்று எவன் கூப்பிடுவான்? நாயகன் வீட்டுக்குப் போன் செய்தான்.

"பேசாம ஊசியைப் போட்டுக்கிட்டு வந்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"அது மட்டும் என்னால முடியாதுடி."

விடிந்தது. முந்நூறு ஜோடி பூட்ஸுகள் ஒரே ஓசையாய் நிலமதிர ஊன்றி நிற்க, எழுத்தர் தொண்டையைச் செருமி ஏழாம் பிரிவை வாசித்தார். நாயகன் பெயரை வாசித்தார். "காரணம்: பயம்," என்று வாசித்தார். எதிரிக் குண்டுக்கும் மூடாத கண்களை மூடி, முந்நூறு தொண்டைகளிலிருந்து வெடிக்கப்போகும் சிரிப்புக்கு நெஞ்சைக் கொடுத்து நின்றான் நம் தலைவன். ஒருவன் கொட்டாவி விட்டான். இன்னொருவன் பிடரியைச் சொறிந்துகொண்டான். அணி கலைந்தது.

"யாருமே சிரிக்கலையேடா?" என்று பதினொரு ஆண்டுகளாகத் தன் டாங்கியிலேயே வரும் பீரங்கிக்காரனைக் கேட்டான்.

"இதுல சிரிக்க என்னண்ணே இருக்கு? சேர்ந்த அன்னைக்கு ஊசியைப் பார்த்து நீங்க மயங்கி விழுந்தப்போ தூக்கிட்டு வந்ததே நாங்க நாலு பேர்தான். மொத்தப் படைக்கும் தெரியும். அன்னைக்கு நீங்க விழுந்த சத்தத்துலதானே உங்களுக்கு 'இடி'ன்னு பேரே வச்சோம்!"

பதினொரு ஆண்டுகள் முந்நூறு வாய்கள் அவனுக்காக மூடியிருந்தன; எந்தச் சட்டமும் அவற்றை அப்படி மூடச் சொல்லவில்லை. வெட்கமும் நன்றியும் ஒருசேரப் பொங்கி, வீரத்திருமகன் கண்கள் நனைய, மைதானத்தின் நடுவே மலையென அசையாது நின்றான்.

"வாங்கண்ணே, டீ ஆறுது."