கறுப்புதான் வயசு

"இது எந்தக் காசு ஹேமா?" என்று சடகோபன் கேட்டார்.

பெருமாள் படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு வெள்ளி ரூபாய் பளபளத்துக்கொண்டிருந்தது.

"உங்க காசுதான்னா. உங்கப்பாவோட பொடி டப்பியிலே கன்னங்கரேல்னு கிடந்ததே, அதுதான். நாளைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சேன், இதையும் சேர்த்துத் தேய்ச்சேன். எத்தனை அழுக்குங்கறேள்!"

ஹேமாம்புஜம் பாராட்டுக்குக் காத்திருந்தாள். சடகோபன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது நவாப் காலத்து ஆற்காட்டு ரூபாய். அப்பா அதை மூக்குப்பொடிக்குள் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தப் பொடியில் கிடந்து கிடந்து அது கறுத்த கறுப்பின் மேல்தான் இப்போது சடகோபனின் வேலை நின்றுகொண்டிருந்தது.

திருவள்ளூரில் அவருடைய அண்ணா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். தம்பியான சடகோபன் கணக்கு எழுதிய அரிசி மில் மூடிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒன்றின் ஸ்டோரில் அவருக்கு வேலை கிடைத்தது, தற்காலிகமாக. திருவள்ளூர் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தார். நிரந்தரம் ஆக வேண்டுமானால் மானேஜர் அருணாச்சலம் மனசு வைக்க வேண்டும். ஆகாவிட்டால் அண்ணாவிடம் போய் நிற்க வேண்டும். அண்ணா உதவி செய்வார். கூடவே உபதேசமும் செய்வார். அந்தப் பயத்திலேயே சடகோபன் இளைத்துக்கொண்டிருந்தார்.

அருணாச்சலம் பழைய நாணயம் சேர்ப்பவர். கான்டீனில் காப்பி ஆறும் வரை அதைப் பற்றித்தான் பேசுவார்.

"காசு சேர்க்கிறவன் செய்யக் கூடாத முதல் தப்பு, அதைத் தேய்க்கிறது. கறுப்புதான் அதோட வயசு. வயசைக் கழுவினவன் காசைத் தொலைச்சவன். என்கிட்ட ஒரு பெட்டி இருக்கு, ஒண்ணு மேல தண்ணி கூடப் பட்டதில்லை!"

டெஸ்பாட்ச் குமாஸ்தா சுப்பராயன் ஒரு தரம் தாத்தா காலத்துக் காசைத் துலக்கி எடுத்துவந்து காட்டினான். அன்றிலிருந்து அவன் சொல்லும் வணக்கத்தை மானேஜர் வாங்கிக்கொள்வதில்லை.

இது தெரிந்தும் சடகோபன் சும்மா இருக்கவில்லை. தன்னிடம் ஆற்காட்டு ரூபாய் இருக்கிறது, அதுவும் அட்டைக் கரி என்று வாயை விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியோடு நேரிலேயே வந்து பார்ப்பதாக மானேஜர் சொல்லிவிட்டார். "உங்க வேலை விஷயத்தையும் அப்படியே பேசிடுவோம்" என்றும் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சடகோபன் எழுந்தார். விளக்குக் கரியை விரலால் வழித்து ரூபாயின் மேல் அப்பினார். ரூபாய் கறுத்தது. விரல், வேஷ்டி, தூண் எல்லாம் சேர்ந்து கறுத்தன. காய்வதற்காக அதை ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வருவதற்குள் ஹேமாம்புஜம் பார்த்துவிட்டாள்.

"இப்பத்தானே தேய்ச்சேன், அதுக்குள்ளே எப்படி இப்படி ஆச்சு? புளிக்கு இது மசியாது." செங்கல் பொடியை எடுத்தாள்.

இந்தத் தடவை ரூபாய் கண்ணைக் கூசவைத்தது. போதாததற்கு முகமெல்லாம் கீறல்.

மறுநாள் ஹேமாம்புஜத்தின் கையில் சிக்காமல் ரூபாயை மடியில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனார். கம்பெனியில் கிரேன் ஓட்டும் தேசப்பன் அவரை நிறுத்தினான்.

"இன்னா சாமி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

சடகோபன் எல்லாவற்றையும் சொன்னார். ஹேமாம்புஜத்தைத் தவிர வேறு யார் கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

"அட, இதுக்கா பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? வெள்ளி கறுக்கணும்னா முட்டைதான் சாமி. அவிச்ச முட்டையோட டப்பால போட்டு மூடி வெச்சா, விடிஞ்சா கரிதான்."

"மெதுவா சொல்லு!" சடகோபன் நாலு பக்கமும் பார்த்தார். "புரட்டாசி மாசத்திலே... நீயே பண்ணிக் குடுத்துடேன் தேசப்பா."

"நல்லா கீதே! இந்த மாசத்துல என் ஊட்டுக்குள்ள முட்டை வந்தா, எங்கம்மா முட்டையோட என்னையும் தூக்கி வெளிய போட்டுடும். எதுர் ஊட்டு ஞானம்மா கீறாங்க, வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவங்களுக்குப் புரட்டாசி கெடையாது. வாங்க."

புதுவாயலில் ஞானம்மாவின் வீட்டுக்கு முன்னால் சடகோபன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அதனால்தான் தெருவே அவரைப் பார்த்தது. ஞானம்மா கும்மிடிப்பூண்டியில் ஆபீசர்கள் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். விஷயத்தைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

"எத்தினி காசு?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணா?" அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இரண்டு முட்டையை அவித்து மஞ்சள் கருவை மசித்துத் தகர டப்பாவில் போட்டாள். ரூபாயை மெல்லிய துணியில் முடிந்து அதன்மேல் வைத்தாள். "கருவு நேரா பட்டா புள்ளி வுழுந்துரும். காலீல எடுத்துத் தண்ணில அலசுங்க. தேய்க்காதீங்க."

டப்பாவோடு சடகோபன் திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து சீட்டில் இருப்பது யார் என்று பார்த்தார். அண்ணாவோடு கோயிலில் கைங்கரியம் செய்யும் வீரராகவன் சுவாமி.

"என்ன சடகோபா, டப்பாவிலே?"

"லேகியம் சுவாமி."

"எதுக்கு?"

"வா... வாயுவுக்கு."

பெரியபாளையத்துக்கு முன்னால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டப்பாவின் மூடி கொஞ்சம் நெகிழ்ந்தது. வீரராகவன் சுவாமி உத்தரீயத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சடகோபனை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு எழுந்து, திருவள்ளூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"இந்த லேகியம் போறாது சடகோபா. வேற வைத்தியனைப் பாரு."

டப்பாவை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால் செருகிவிட்டுக் கிணற்றடியில் குளித்தார். மனசு ஆறாமல் இன்னொரு தரம் குளித்தார். புரட்டாசிச் சனிக்கிழமை, கொல்லையில் முட்டை. பெருமாள் மன்னிப்பார், ஹேமாம்புஜம் மன்னிக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா வீட்டிலிருந்து ஒரு கூஜா ஓமத் தண்ணீர் வந்தது.

"உங்களுக்கு வாயுன்னு, அதுக்கு லேகியம் சாப்பிடறேள்னு சன்னிதித் தெருவே பேசிக்கறதாமே?" என்றாள் ஹேமாம்புஜம். "கூடவே இருக்கற எனக்குத் தெரியலையே! அது சரி, அந்தப் பூனை ஏன் ராத்திரியிலேர்ந்து விறகையே சுத்திச் சுத்தி வரது?"

"எலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு சடகோபன் கொல்லைக்கு ஓடினார்.

பூனையை விரட்டி, டப்பாவை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு திறந்தார். ரூபாய் அட்டைக் கரியாக இருந்தது. அப்பாவின் மூக்குப்பொடி கூட அப்படிக் கறுக்கவைத்ததில்லை. சடகோபனுக்கு அழுகையே வந்துவிட்டது. மஞ்சள் கருவைப் பூனைக்குத் தானம் செய்துவிட்டு ரூபாயைத் தண்ணீரில் அலசினார். கறுப்பு போகவில்லை. வாசனையும் போகவில்லை. ஏழெட்டுத் தரம் அலசியும் போகவில்லை. துளசி இலைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். துளசிக்கும் அந்த வாசனை வந்துவிட்டது.

சாயங்காலம் மானேஜரின் ஜீப் வந்து நின்றது. அருணாச்சலம் கையில் பூதக்கண்ணாடியோடு இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி லட்சுமியம்மாள், அதிகம் பேசாத அம்மாள், வந்து உட்கார்ந்தாள்.

சடகோபன் ரூபாயை வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினார்.

"ஓரத்தைத்தான் பிடிக்கணும். முகத்தைத் தொடக் கூடாது" என்றபடி மானேஜர் அதை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மிஸ்டர் சடகோபன்!"

"சார்..."

"இதுதான் கறுப்பு! இருநூறு வருஷத்துக் கறுப்பு சார் இது. மனுஷனால கொண்டுவர முடியாது. இந்தக் கீறல்களைப் பாருங்க, எத்தனை சிப்பாய் மடியில இருந்து எத்தனை சண்டை பார்த்ததோ!"

செங்கல் பொடி பார்த்த சண்டைதான் அது. சடகோபன் பவ்யமாகத் தலையை ஆட்டினார்.

மானேஜர் ரூபாயை இன்னும் அருகில் கொண்டுபோனார். மூக்கு சுருங்கியது. சடகோபனுக்கு உயிர் போய்விட்டது. ஹேமாம்புஜம் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள்.

"அந்த லேகியத்தை இன்னிக்குமா சாப்பிட்டேள்?"

அருணாச்சலம் இன்னொரு தரம் மோந்தார். கண்ணை மூடினார். முகத்தில் பக்தி படர்ந்தது.

"இந்த வாசனை! பழைய வெள்ளிக்குன்னு இருக்கிற வாசனை இது. எங்க வீட்டுல என் பெட்டியைத் திறந்தா அறை பூரா இதேதான். லட்சுமி, நீயே சொல்லு."

லட்சுமியம்மாள் ரூபாயை வாங்கினாள். ஓரத்தைப் பிடித்து மூக்கருகில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து சடகோபனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாங்க. அதே வாசனைதான்" என்றாள்.

அதற்கு மேல் மானேஜருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. சுண்டலைச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஒரு காசை இப்படிப் பத்திரமா வெச்சிருக்கிறவர்கிட்ட ஸ்டோரை நம்பி ஒப்படைக்கலாம். திங்கட்கிழமையிலிருந்து நீங்க பெர்மனென்ட்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

சடகோபன் கை கூப்பியபடி அசையாமல் நின்றார். ஹேமாம்புஜம் வெற்றிலை பாக்கு எடுத்துவர உள்ளே போனாள். வாசற்படியில் பின்தங்கிய லட்சுமியம்மாள், ஜீப்பை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒத்தைக் காசுக்கு ஞானம்மா எத்தனை முட்டை வாங்கினா? நான் அவர் பெட்டி பூராவையும் புளி போட்டுத் தேய்ச்சுட்டு முழிச்சப்போ, எங்கிட்ட நாலு டஜன் வாங்கினா."