குளத்து மீன்களுக்கு ஓர் அறிவிப்பு

காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் குளத்துப் படிக்கட்டில் பொரி விற்பவள் பூவம்மாள். பக்தர்கள் பொரி வாங்கி வீசுவார்கள். கெண்டை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கும். வீசியவருக்குப் புண்ணியம், மீனுக்குப் பொரி, பூவம்மாளுக்குச் சோறு. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

அப்படியிருக்கையில் பட்டு நெசவுக்காரர் உமாபதி, வாஸ்துவுக்காகக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்தார். தெருவில் எல்லாரும் வைத்திருந்தார்கள். அதில் விட்ட, மீசை வைத்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, கூட இருந்த மீன்களை ஒவ்வொன்றாகத் தின்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது. சுத்த சைவக் குடும்பம், கொல்ல முடியாது. பிரதோஷத்தன்று கற்பூரம் காட்டிக் கோயில் குளத்தில் விட்டார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த பிரதோஷத்தன்று பதினோரு வீட்டுத் தொட்டிகள் காலியாயின.

ஆடி முடிவதற்குள் கெண்டை ஒன்றுகூட இல்லை. தவளைச் சத்தமும் நின்றது. வீசிய பொரி மிதந்து ஊறியது. பூவம்மாளின் மூட்டை அவிழ்க்காமலே வீடு திரும்பியது. அவள் மனுக் கொடுத்தாள்.

நீர்நிலை நல்வாழ்வுப் பிரிவிலிருந்து அலுவலர் குமரன் வந்தார். வலை வீசி, எடை போட்டு, மகிழ்ந்தார்.

“போன வருசத்தவிட மூணு மடங்கும்மா. குளம் செழிப்பா இருக்குது.”

“கெண்ட எங்க சார்?”

“படிவத்துல மீனுக்கு ஒரே கட்டம்தாம்மா. கெண்டைக்குன்னு தனியா இல்ல.”

“அதுங்களத்தான் சார் இதுங்க தின்னுக்கினு இருக்குது.”

குமரன் முகம் மாறியது. கோயில் வளாகத்தில் அசைவம் உண்பது விதிமீறல். பத்தே நாளில் பலகை வந்தது: ‘இக்குளத்தில் வசிக்கும் மீன்கள் அசைவம் உண்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.’ உரியவர்கள் படிக்க வசதியாக, தண்ணீரைப் பார்த்து நட்டார்கள். மீன்கள் திருந்தவில்லை. அவை வெளிநாட்டைச் சேர்ந்தவை என்பது ஆய்வுக் கூட்டத்தில் சுட்டிக்காட்டப்பட்டு, கீழே ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. பிடித்து அகற்றலாமே என்று பூவம்மாள் கேட்டதற்கு, விட்டவர்கள் மனம் புண்படும் என்று பதில் வந்தது.

கடைசியில் ‘ஆளுக்கொரு மீன்’ திட்டம் பிறந்தது. குறைந்துபோன மீன்களைப் பக்தர்களே வாங்கி விட்டு நிரப்ப வேண்டும். குஞ்சு விற்கும் அனுமதி, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பூவம்மாளுக்கே கிடைத்தது. அவள் தொட்டி மீன் கடையில் கெண்டைக் குஞ்சு கேட்டாள்; இல்லை. மூன்று மாதமாக அடுப்பு அரைகுறையாக எரிந்த வீடு. இருந்ததை வாங்கி வந்தாள்.

தொடக்க விழாவன்று வரிசை கோபுரம்வரை நின்றது. முதல் ஆள் குமரன். புகைப்படத்துக்காகப் பையை உயர்த்தியவர், உள்ளே உற்றுப் பார்த்தார்.

“என்னம்மா, மீசை இருக்குது?”

“மீனுக்கு ஒரே கட்டம்தானே சார்,” என்றாள் பூவம்மாள்.

குமரன் யோசித்தார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். அவர் சிரித்தார்.

அடுத்து நின்ற உமாபதி கற்பூரம் ஏற்றினார்.